‘மிகவும் எளிமையானது’ என்று தள்ளிவிடப்பட்ட யோசனையில்தான் இன்று உலகம் வீடியோ பார்க்கிறது

ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குகிறேன். பேனையும் கடதாசியும் கையில் இருந்தால் நீங்களும் போட்டுப் பாருங்கள்.

யூடியூப்பில் 1080பி என்று நாம் தெரிவு செய்யும் படம் அகலத்தில் 1920 புள்ளிகளும் உயரத்தில் 1080 புள்ளிகளும் கொண்டது. பெருக்கினால் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், எண்ணுக்கு ஒரு பைட். ஆக ஒரே ஒரு படத்துக்கு 6.2 மெகாபைட். வீடியோ என்றால் செக்கனுக்கு 25 படங்கள் ஓட வேண்டும். அப்படியானால் செக்கனுக்கு 155 மெகாபைட். ஒரு மணித்தியாலப் பாடத்துக்கு ஏறத்தாழ 560 ஜிகாபைட்!

ஆனால் நாம் பார்க்கும்போது என்ன நடக்கிறது? செக்கனுக்கு 5 மெகாபிட் வேகத்தில் வந்தாலே 1080பி வீடியோ நன்றாக ஓடும். அந்த வேகத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு 2.25 ஜிகாபைட்தான். அதாவது 250 பங்கில் ஒரு பங்கு. மீதி 249 பங்கு எங்கே போனது?

இந்தக் கேள்விக்கான பதில்தான் ஸ்ட்ரீமிங்கின் வரலாறு. வேகமான கேபிள்களும் 4ஜி கோபுரங்களும் வந்ததால் வீடியோ பார்க்க முடிகிறது என்று நினைக்கிறோம். அது பாதி உண்மை. மற்றப் பாதி, எதை அனுப்பாமல் விடலாம் என்று தேடியவர்களின் கதை.

பெங்களூரில் பிறந்த நாசிர் அஹ்மத்

நாசிர் அஹ்மத் 1940 இல் பெங்களூரில் பிறந்தவர். அங்கே பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா போய், கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1972 இல் அவர் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிறுவகத்துக்கு ஓர் ஆய்வுத் திட்டத்தை எழுதி நிதி கேட்டார். படங்களைச் சுருக்குவதற்குக் கொசைன் சார்பைப் பயன்படுத்தும் ஒரு முறையை ஆராய வேண்டும் என்பதே திட்டம். ஆம், நாம் திரிகோண கணிதத்தில் படித்த அதே கொசைன்தான்.

நிதி கிடைக்கவில்லை. யோசனை மிகவும் எளிமையாக இருக்கிறது என்ற பொருளில் மதிப்பீட்டாளர் ஒருவர் கருத்து எழுதியிருந்ததாக அஹ்மத் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அவர் விடவில்லை. 1973 கோடை காலத்தை இதற்கே ஒதுக்கினார். நடராஜன் என்ற ஆய்வு மாணவரும், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே. ஆர். ராவும் சேர்ந்துகொண்டார்கள். 1974 ஜனவரியில் மூவரின் பெயரிலும் ஒரு சிறிய கட்டுரை வெளிவந்தது. அதில் சொல்லப்பட்ட முறைக்கு டிசிடி என்று பெயர். தமிழில் ‘தனித்த கொசைன் உருமாற்றம்’ என்று சொல்லலாம்.

அது என்ன செய்கிறது? உங்கள் பாடசாலைச் சுவரைப் போட்டோ எடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நிறம். 64 புள்ளிகள் கொண்ட ஒரு சின்னச் சதுரத்தை எடுத்து, “வெள்ளை, வெள்ளை, வெள்ளை” என்று 64 தடவை சொல்வதற்குப் பதிலாக, “சராசரி வெளிச்சம் இவ்வளவு, மெதுவான மாற்றம் இவ்வளவு, சடுதியான மாற்றம் இவ்வளவு” என்று சொல்கிறது டிசிடி. அப்படிச் சொல்லும்போது சில எண்கள்தான் பெரிதாக இருக்கும். மற்றவை பூச்சியத்துக்கு அருகில் வந்துவிடும். மிக நுண்ணிய, சடுதியான மாற்றங்களை மனிதக் கண்ணும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆகவே அவற்றை விட்டுவிடலாம், பார்ப்பவருக்குத் தெரியாது.

1988 இல் தொலைபேசி லைனில் வீடியோ அனுப்புவதற்கு வந்த எச்.261 தரநிலை இதை எடுத்துக்கொண்டது. 1992 இல் ஜேபெக் எடுத்துக்கொண்டது. வட்ஸ்அப்பில் வரும் போட்டோக்கள் பெரும்பாலும் அந்த வகைதான். எம்பி3 பாட்டில் இதன் திருத்திய வடிவம் இருக்கிறது. 2003 இல் வந்து இன்றுவரை பெருமளவு வீடியோக்களைச் சுமக்கும் எச்.264 இலும் இதே குடும்பத்துக் கணக்குத்தான். உங்கள் போனில் ‘கோடெக்’ என்ற சொல்லைக் கண்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்: அனுப்பும் பக்கத்தில் சுருக்கி, பார்க்கும் பக்கத்தில் விரிக்கும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர்.

இடாப்பு முறை

படத்தைச் சுருக்கினால் மட்டும் 250 மடங்கு குறையாது. இரண்டாவது தந்திரமும் வேண்டும்.

40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் 38 பேர் வந்திருந்தால், அதிபருக்கு 38 பெயரையும் வாசிப்போமா? வராத இருவரின் பெயரைச் சொன்னால் போதும். வீடியோவும் அப்படித்தான். செய்தி வாசிப்பவரின் பின்னால் உள்ள சுவர் அசைவதில்லை, உதடும் கண்ணும்தான் அசைகின்றன. ஆகவே சில செக்கன்களுக்கு ஒரு தடவை ஒரு முழுப் படத்தை அனுப்பிவிட்டு, இடையில் மாற்றங்களை மட்டும் அனுப்புகிறார்கள். அந்த முழுப் படத்துக்குக் ‘கீ பிரேம்’ என்று பெயர். சில நேரம் வீடியோவில் ஒருவரின் முகம் சதுரம் சதுரமாகக் கலைந்து இழுபட்டு, பிறகு திடீரென்று தெளிவாகும். இடையில் ஏதோ தவறிப்போய், அடுத்த கீ பிரேம் வந்ததும் சரியாகியிருக்கிறது என்று அர்த்தம்.

தண்ணீர்த் தாங்கியும் சுற்றும் வட்டமும்

1993 ஜூன் 24 ஆம் திகதி, கலிபோர்னியாவின் ஸெரொக்ஸ் பார்க் ஆய்வுகூடத்தில் ‘ஸிவியர் டயர் டமேஜ்’ என்ற இசைக்குழு வாசித்தது இணையத்தில் நேரடியாகப் போனது. குழுவில் இருந்தவர்கள் கணினித் துறையினர். படம் வெறும் 152க்கு 76 புள்ளிகள், தபால் முத்திரை அளவுதான். ஆனாலும் அவுஸ்திரேலியாவில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

அது ஆய்வுகூடங்களின் வலைப்பின்னல். சாதாரண வீடுகளில் அந்தக் காலகட்டத்தில் இருந்தது தொலைபேசி மோடம், வேகம் கூடினால் செக்கனுக்கு 28.8 கிலோபிட். சிடி தரத்தில் ஒரு நிமிடப் பாட்டை இறக்க அதில் 49 நிமிடம் ஆகும். முழுவதும் இறங்கும் வரை காத்திருக்காமல், இறங்க இறங்கக் கேட்க வைப்பதுதான் ஸ்ட்ரீமிங். 1995 இல் வந்த ரியல்ஓடியோ அதைச் சாதாரண மக்களிடம் கொண்டுவந்தது. அந்த வருடம் செப்டெம்பர் 5 ஆம் திகதி, சியாட்டில் மரினர்ஸ், நியூயோர்க் யாங்கீஸ் அணிகளின் பேஸ்போல் போட்டியின் வானொலி வர்ணனை அந்த முறையில் நேரடியாக ஒலித்தது.

இங்கேதான் ‘பஃபர்’ என்ற சொல் வருகிறது. வீட்டுக் கூரையில் உள்ள தண்ணீர்த் தாங்கியை நினையுங்கள். குழாயில் தண்ணீர் வருவது கூடிக் குறைந்தாலும் தாங்கியில் இருக்கும் வரை கீழே தடையில்லாமல் ஓடும். பஃபரும் முன்கூட்டிச் சேர்த்து வைக்கும் அப்படியொரு தாங்கிதான். யூடியூப்பில் சிவப்புக் கோட்டுக்கு முன்னால் ஓடும் சாம்பல் கோடு, தாங்கியில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. தாங்கி காலியானால் வட்டம் சுற்றும்.

ஊருக்குக் கிட்ட ஒரு களஞ்சியம்

ஒவ்வொரு பிள்ளையும் பாடநூல் வாங்கக் கொழும்புக்குப் போவதில்லை. மொத்தமாக ஊருக்குக் கிட்ட வந்து, அங்கிருந்து பாடசாலைகளுக்குப் போகிறது. இணையத்தில் இதே யோசனைக்கு ‘சிடிஎன்’ என்று பெயர். இணையம் நெரிசலில் திணறப் போகிறது என்று 1995 இல் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் எச்சரித்து வழி கேட்டவர், வலைத்தளம் என்பதையே உருவாக்கிய டிம் பேர்னர்ஸ்-லீ. அங்கிருந்த கணிதப் பேராசிரியர் டொம் லெய்ட்டனும் அவரது மாணவர் டேனியல் லெவினும் அதைத் தீர்க்க முனைந்து, 1998 இல் அகமாய் நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

2005 ஏப்ரல் 23 இல் யூடியூப்பின் முதல் வீடியோ ஏறியது. மிருகக்காட்சிச்சாலையில் யானைகளின் முன்னால் நின்று ஜாவித் கரீம் பேசும் 19 செக்கன். 2007 இல் நெட்பிளிக்ஸ் தபாலில் டிவிடி அனுப்பிக்கொண்டே இணையத்திலும் படம் காட்டத் தொடங்கியது. 2012 அளவில் இணைய இணைப்பு வழங்கும் கம்பனிகளின் கட்டடங்களுக்குள்ளேயே தன் படப் பெட்டிகளை வைக்க ஆரம்பித்தது. நீங்கள் பார்க்கும் அமெரிக்கப் படம் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருவதில்லை.

‘ஓட்டோ’வுக்குத் தெரியாத ஒன்று

கடைசித் துண்டு இது. 2009 இல் அப்பிள் நிறுவனம் எச்எல்எஸ் என்ற முறையை வெளியிட்டது. வீடியோவைச் சில செக்கன் நீளமுள்ள துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தெளிவுகளில் தயார் செய்து வைப்பார்கள். துண்டுக்குத் துண்டு எதை எடுப்பது என்று போன்தான் தீர்மானிக்கும். லைன் வேகமாக இருந்தால் தெளிவானது, மெதுவானால் மங்கலானது. மைக்ரோசொப்ட் ஒரு வருடம் முந்தியே இப்படியொன்றைக் கொண்டுவந்திருந்தது. 2012 இல் டாஷ் என்ற சர்வதேசத் தரநிலையும் வந்தது. யூடியூப்பில் நாம் காணும் ‘ஓட்டோ’ இதுதான். பக்கத்து வீட்டு டிவியில் விக்கெட் விழுந்து சத்தம் கேட்ட பிறகும் உங்கள் போனில் பந்துவீச்சாளர் ஓடி வந்துகொண்டிருப்பதற்கும் இந்தத் துண்டுகள் ஒரு முக்கிய காரணம். துண்டு நிரம்பிச் சேர்ந்து வர நேரம் எடுக்கிறது.

ஓட்டோ லைனின் வேகத்தைப் பார்க்கும், திரையின் அளவைப் பார்க்கும். ஆனால் உம்மாவின் போனில் போட்ட டேட்டா கார்ட்டில் எவ்வளவு மிச்சம் என்று அதற்குத் தெரியாது.

கொரோனா காலத்தில் நம் நாட்டில் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறையிலும் மரத்திலும் ஏறியதைச் செய்திகளில் பார்த்தோம். இன்று பல ஊர்களில் சிக்னல் இருக்கிறது. காசுதான் இல்லை. சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் ஓட்டோ தெளிவைக் கூட்டும், கார்ட் சீக்கிரம் முடியும். செக்கனுக்கு அரை மெகாபிட்டில் ஓடும் மங்கலான தெளிவில் ஒரு மணித்தியாலப் பாடம் 225 மெகாபைட்டுக்குள் அடங்கும். 1080பியில் அதே பாடம் பத்து மடங்கு. கரும்பலகைப் பாடத்தைச் சின்னப் போனில் பார்க்கும் பிள்ளைக்கு 360பி பெரும்பாலும் போதும்.

ஆசிரிய நண்பர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. பாட வீடியோ எடுக்கும்போது போனைக் கையில் பிடிக்காமல் ஒரு ஸ்டேண்டில் வையுங்கள். பின்னால் வெறும் சுவர் இருக்கட்டும். அசையும் திரைச்சீலையும் பளபளக்கும் அனிமேஷனும் வேண்டாம். எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள். அசைவு குறைந்தால் அனுப்ப வேண்டிய மாற்றமும் குறையும். கை நடுங்கி எடுத்த வீடியோவில் சுவர்கூட அசைகிறது, அதற்கும் ஒரு பிள்ளை எங்கேயோ டேட்டா செலவழிக்கிறது.

நாசிர் அஹ்மதின் பெயர் வெளியே பலருக்கும் தெரியாமல்தான் இருந்தது. உலகமே வீட்டுக்குள் அடைபட்டு வீடியோ அழைப்பில் முகம் பார்த்துக்கொண்டிருந்த 2021 இல், ‘திஸ் இஸ் அஸ்’ என்ற அமெரிக்கத் தொடர் அவரையும் அவர் மனைவி எஸ்தரையும் பற்றி ஒரு பகுதியில் சொன்னது. அவர் யோசனையைச் சொல்லி ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு.

தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பிட், பைட், கோடெக் எல்லாம் வரும்போது இந்தப் பெயரையும் ஒரு தடவை சொல்லுங்கள். மேலே உள்ள கணக்கையும் பலகையில் போட்டுக் காட்டுங்கள். 560 என்ற விடை வந்ததும் பிள்ளைகளே கேட்பார்கள், “அப்ப எப்படி சேர் நம்மட போன்ல ஓடுது?” என்று. பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.