ஈழத்தலரி: ஒடிந்த கிளையிலும் துளிர்க்கும் மரம்



தெருவோரம் மரம் நடுவது பற்றிச் சென்ற கூட்டத்தில் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். மின்கம்பிக்குக் கீழே ஓங்கி வளராத பூமரம் வேண்டும் என்றபோது ஈழத்தலரியின் பெயர் வந்தது. கூடவே இரண்டு மறுப்புகளும் வந்தன. அது கல்லறை மரம் என்றார் ஒருவர். வெளிநாட்டு மரம், இன்னொரு சீமைக்கருவேலமாகிவிடும் என்றார் மற்றொருவர். முடிவெடுக்கும் முன் அதன் வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள்.

பெயரில் ஈழம் இருந்தாலும் இதன் தாயகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள். அத்தீவுகளில் தாவரங்களை ஆராய்ந்த பிரெஞ்சுத் துறவி சார்லஸ் புளூமியே (1646–1704) நினைவாக, 1753இல் லின்னேயஸ் இதற்குப் ‘புளூமேரியா’ என்று பெயர் வைத்தார். நம் முன்னோர் தங்கள் வழியில் பெயர் வைத்தார்கள். ஒடித்தால் பால் வருகிறது, எனவே அலரி. ஈழத்தோடு தொடர்புடையது, எனவே ஈழத்தலரி. அவர்கள் கணிப்பு தவறவில்லை. நம் அரளியும் இதுவும் ஒரே குடும்பம் என்கிறது தாவரவியல். சிங்களத்திலும் இதன் பெயர் ‘அரலிய’தான்.

கல்லறை மரம் என்பது பாதி உண்மை. இலங்கையில் பௌத்த விகாரைகளில் இதன் பூவைத்தான் தட்டில் வைத்து வணங்குகிறார்கள். லாவோஸ் நாட்டின் தேசிய மலரும் இதுவே. பிடுங்கிப் போட்ட பின்னும் இலையும் பூவும் விடக்கூடியது என்பதால், அழியாமையின் அடையாளமாகக் கோயிலிலும் வைத்தார்கள், கல்லறையிலும் வைத்தார்கள். இதில் அமங்கலம் எங்கே?

வெளிநாட்டு மரம் என்பது முழு உண்மை. ஆனால் நம் மிளகாய், நிலக்கடலை, முந்திரி, கொய்யா எல்லாமே அமெரிக்காவிலிருந்து வந்தவைதான். சீமைக்கருவேலத்தின் காயை ஆடுமாடுகள் தின்று, சாணத்தோடு விதையைப் பரப்புகின்றன. ஈழத்தலரி தோட்டங்களில் காய்ப்பதே அபூர்வம். கிளை வெட்டி நட்டால்தான் உண்டு.

2018 நவம்பர் 16 அதிகாலையை நம்மில் யாரும் மறக்கவில்லை. கஜா புயலில் தென்னையும் பலாவும் சாய்ந்தன. பல நாள் இருட்டில் கிடந்தோம். எங்கள் வீட்டு ஈழத்தலரியும் அன்று முறிந்தது. குப்பையோடு ஒதுக்கிய ஒரு கிளை, கோடை வந்தபோது நுனியில் துளிர்விட்டிருந்தது. அதை நட்டோம். இன்று வாசலில் பூக்கிறது. ஆகவே இது புயலில் முறியாத மரம் என்று சொல்லமாட்டேன். கிளை எளிதில் ஒடியும். ஆனால் குட்டை மரம் என்பதால் சேதம் குறைவு, மீட்பது எளிது.

வளர்க்கும் முறை இதுதான். பங்குனி, சித்திரையில் ஒன்றரை அடி முற்றிய கிளையை வெட்டி, இலைகளைக் களையுங்கள். வெட்டுவாய் காயும்வரை ஒரு வாரம், பத்து நாள் நிழலில் வையுங்கள். பச்சையாக நட்டால் அழுகும். நம் செம்மண்ணோடு மணல் கலந்து, நான்கு அங்குல ஆழத்தில் நட்டு, ஆடாமல் குச்சி கட்டுங்கள். துளிர்க்கும்வரை தண்ணீர் குறைவாகப் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடியில் நீர் தேங்கக்கூடாது. மண்ணை மேடாக அணையுங்கள். பனிக்காலத்தில் இலை உதிர்ந்தால் பட்டுவிட்டது என்று வெட்டிவிடாதீர்கள். இலையடியில் ஆரஞ்சுப் பொடி தெரிந்தால் அது துரு நோய். அந்த இலைகளைப் பறித்து எரித்துவிடுங்கள். பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள்.

பூ கிளை நுனியில்தான் வரும். அதனால் ஆண்டுதோறும் கழிக்க வேண்டாம். கம்பியை நெருங்கும் கிளையை மட்டும் எடுங்கள். அப்படி எடுப்பதைத் தூக்கி எறியாமல் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மரம் வேண்டும் என்று முடிவானால், கன்றுக்கு நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை.