பிழை பொறுக்கும் தேடல்

பிழை பொறுக்கும் தேடல் என்பது, பயனர் தேடுசொல்லைத் தவறாகத் தட்டச்சு செய்தாலும் அவர் கருதிய சொல் உள்ள ஆவணங்களைக் கண்டெடுத்து, பொருத்தமானவற்றை முன்னே நிறுத்தும் கணினி நுட்பம். இணையத் தேடுபொறிகள், நூலகப் பட்டியல்கள், இணையக் கடைகள் ஆகியவற்றில் இது பயன்படுகிறது. இதில் இரண்டு வேலைகள் உண்டு. தேடுசொல்லுக்கு நெருங்கிய சொற்களையும் ஏற்பது ஒன்று. கிடைத்த ஆவணங்களைப் பொருத்தத்தின்படி அடுக்குவது மற்றொன்று. பிழையை எவ்வளவு தாராளமாகப் பொறுக்கிறோமோ, அவ்வளவு கவனமாகத் தரவரிசை அமைய வேண்டும். இல்லையேல் தொடர்பற்ற முடிவுகளுக்கு அடியில் சரியான ஆவணம் புதைந்துவிடும்.

சொல்லடைவு

தேடுபொறி ஒவ்வொரு வினவலுக்கும் எல்லா ஆவணங்களையும் படித்துப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த ஆவணங்களில், எந்தெந்த இடங்களில் வருகிறது என்று முன்னதாகவே ஒரு சொல்லடைவு தயாரித்து வைத்துக்கொள்கிறது. பிழையாகத் தட்டிய சொல் இந்த அடைவில் இல்லாவிட்டால் விடையும் இல்லை. ஆகவே, அடைவில் உள்ள எந்தச் சொற்கள் அதற்கு நெருக்கமானவை என்பதை முதலில் காண வேண்டும்.

நெருக்கத்தை அளத்தல்

கணினிக்கு முந்தைய காலத்திலேயே இந்தச் சிக்கல் எழுந்தது. ஒரே ஒலியுடைய குடும்பப் பெயர்களைப் பலவாறு எழுதும் வழக்கத்தைச் சமாளிக்க, ராபர்ட் ரஸ்ஸல் 1918இல் அமெரிக்காவில் சவுண்டெக்ஸ் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒத்த ஒலியுள்ள எழுத்துகளுக்கு ஒரே எண்ணைத் தருவது அம்முறை. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பதிவுகளை அடைவு செய்ய இது பயன்பட்டது.

1964இல் ஃபிரெடரிக் டேமரோ, தாம் ஆராய்ந்த எழுத்துப்பிழைகளில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை நான்கே வகை ஒற்றைப் பிழைகள் என்று காட்டினார்: ஓர் எழுத்து கூடுதல், குறைதல், வேறொன்றாக மாறுதல், அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் இடம் மாறுதல். அடுத்த ஆண்டு சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன், ஒரு சொல்லை மற்றொன்றாக மாற்றத் தேவையான மிகக் குறைந்த திருத்தங்களின் எண்ணிக்கையே அவற்றின் தொலைவு என வரையறுத்தார். ‘கணினி’, ‘கணிணி’ இரண்டுக்கும் இடையிலான தொலைவு 1. ‘நகரம்’ என்பதை ‘நரகம்’ என்று தட்டினால் லெவன்ஷ்டைன் கணக்கில் தொலைவு 2. இடமாற்றத்தையும் ஒரே திருத்தமாகக் கொள்ளும் டேமரோ கணக்கில் 1.

விரைவாகத் தேடுதல்

தட்டிய சொல்லை அடைவிலுள்ள இலட்சக்கணக்கான சொற்களுடன் ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் காலம் போதாது. 1973இல் பர்க்ஹார்ட், கெல்லர் இருவரும் சொற்களைத் தொலைவின்படி கிளைகளாக அடுக்கும் மரவமைப்பை முன்வைத்தனர். தேவையற்ற கிளைகளைத் தொடாமலே விட்டுவிட அது உதவியது. 2002இல் கிளாவுஸ் ஷுல்ட்ஸ், ஸ்டோயன் மிகோவ் ஆகியோர் லெவன்ஷ்டைன் தானியங்கியை விரைவாக உருவாக்கும் வழியைக் கண்டனர். குறிப்பிட்ட தொலைவுக்குள் வரும் சொற்களை மட்டும் ஏற்கும் பொறி அது. அகரவரிசைப்படி அமைந்த அடைவில் இதைக் கொண்டு தேடும்போது, பொருந்த வாய்ப்பில்லாத பகுதிகள் மொத்தமாகத் தாண்டப்படுகின்றன. திறமூலத் தேடல் நிரலகமான லூசீன், 2012இல் வந்த 4.0 பதிப்பில் இதை ஏற்றது; தொலைவின் மேல்வரம்பை 2 என வைத்தது.

எத்தனை பிழை வரை?

குறுஞ்சொல்லில் ஓர் எழுத்து மாறினாலே பொருள் முற்றிலும் மாறிவிடும். நெடுஞ்சொல்லில் இரண்டு மாறினாலும் கருதிய சொல் தெரியும். அதனால் சொல்லின் நீளத்தை வைத்தே வரம்பு முடிவாகிறது. எலாஸ்டிக்சர்ச் மென்பொருளின் தானியங்கு அமைப்பில் 2 குறிகள் (கணினி எழுத்தைச் சேமிக்கும் அலகுகள்) வரையுள்ள சொல்லில் பிழைக்கு இடமில்லை. 3 முதல் 5 வரை ஒரு பிழை. அதற்கு மேல் இரண்டு. மெய்லிசர்ச் மென்பொருளின் இயல்பமைப்பில் 5 குறிகளில் தொடங்கி ஒரு பிழையும், 9இல் தொடங்கி இரண்டு பிழைகளும் பொறுக்கப்படும்.

தரவரிசை

1972இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ், குறைவான ஆவணங்களில் வரும் சொல்லே ஆவணங்களைப் பிரித்தறிய அதிகம் உதவும் என்றும், அதற்குக் கூடுதல் எடை தர வேண்டும் என்றும் காட்டினார். இந்தக் கருத்தை உள்ளடக்கி, இலண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தின் ஒகாபி என்னும் தேடல் ஆய்வில் ஸ்டீஃபன் ராபர்ட்சனும் உடன் பணியாற்றியோரும் 1994 வாக்கில் பிஎம்25 சூத்திரத்தை வகுத்தனர். அரிய சொல்லுக்கு எடை அதிகம். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் மதிப்பு கூடும். ஆனால் ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் குறைவாகவே கூடும். நீளமான ஆவணம், நீளம் என்ற ஒரே காரணத்தால் ஆதாயம் பெறாது. லூசீன் 6.0 பதிப்பிலிருந்து இதுவே அதன் இயல்பான மதிப்பீட்டு முறை.

மெய்லிசர்ச், அல்கோலியா போன்ற தேடுபொறிகள் மதிப்பெண்ணைக் கூட்டாமல் விதிகளை வரிசையாகப் பயன்படுத்துகின்றன. முதல் விதியில் சமமாக நிற்கும் ஆவணங்களை மட்டும் அடுத்த விதி பிரிக்கும். பிழை எண்ணிக்கை, சொற்களுக்கு இடையிலான நெருக்கம், தலைப்பிலா உடலிலா என்னும் இடவேறுபாடு ஆகியவை இவ்வாறு கணக்கில் வருகின்றன.

அரிய சொல் தரும் தொல்லை

பிழை பொறுத்தலும் தரவரிசையும் மோதும் இடம் ஒன்று உண்டு. ஒரு தொகுப்பில் ஆயிரம் ஆவணங்கள் ‘கணினி’ என்றும், மூன்று மட்டும் ‘கணிணி’ என்றும் எழுதியிருப்பதாகக் கொள்வோம். ‘கணினி’ என்று சரியாகத் தேடினாலும், நெருங்கிய சொல்லாக ‘கணிணி’யும் ஏற்கப்படும். அது அரிதாக வருவதால் சூத்திரம் அதற்குக் கூடுதல் எடை தரும். பிழையாக எழுதிய மூன்று ஆவணங்களும் முதலிடத்துக்கு ஏறிவிடும். இதைத் தடுக்க, நெருங்கிய வடிவங்களின் ஆவண எண்ணிக்கைகளைக் கலந்து, அவற்றை ஏறத்தாழ ஒரே சொல்லாக மதிப்பிடும் முறை லூசீனில் உண்டு. தொலைவு கூடக்கூட மதிப்பெண்ணைக் குறைப்பதும் வழக்கம்.

நிகழ்தகவும் சூழலும்

ஒரே தொலைவில் பல சொற்கள் இருந்தால் எதைத் தேர்வது? 1990இல் கெர்னிகன், சர்ச், கேல் ஆகியோர் இதற்கு நிகழ்தகவைக் கையாண்டனர்: அந்தச் சொல் எவ்வளவு பரவலானது, அந்தப் பிழை எவ்வளவு இயல்பானது என்னும் இரண்டையும் பெருக்கிப் பார்ப்பது. ‘மழை’யை நினைத்து ‘மலை’ என்று தட்டினால் அதுவும் அகராதியில் உள்ள சொல்லே. ‘மலை வெள்ள நிவாரணம்’ என்ற தொடர் முழுவதையும் பார்த்தால்தான் பிழை தெரியும். பயனர்கள் ஒரு முறை தேடி, உடனே திருத்தி மறுபடி தேடிய பதிவுகள் இதற்குப் பெரிதும் உதவுகின்றன.

தமிழில் பிழை பொறுத்தல்

ஆங்கிலத்துக்கு வகுத்த கணக்கைத் தமிழுக்கு அப்படியே கொள்ள முடியாது. ஒருங்குறியில் ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல் ஐந்து குறிகளால் ஆனது. ‘வாழைப்பழம்’ என்பதில் வலி மிகாமல் ‘வாழைபழம்’ என்று எழுதினால், விடுபட்டது ஓர் எழுத்து. ஆனால் ‘ப’வும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால் தொலைவு 2 ஆகிறது. மிகச் சாதாரணமான ஒற்றுப்பிழையே வரம்பு முழுவதையும் தீர்த்துவிடுகிறது. ‘கொ’ போன்ற எழுத்தை இரு குறிகளாகவும் மூன்று குறிகளாகவும் சேமிக்க முடியும் என்பதால், அடைவு செய்யும் முன் அவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவருவதும் கட்டாயம்.

‘பள்ளியில்’, ‘பள்ளிக்கு’ போன்ற வேற்றுமை வடிவங்கள் பிழைகள் அல்ல. அவற்றைப் பிழைக் கணக்கில் சேர்க்காமல், விகுதி நீக்கி அடிச்சொல்லாக்கி அடைவு செய்ய வேண்டும். ஸ்னோபால் என்னும் திறமூலத் தொகுப்பில் தமிழுக்கான விகுதி நீக்க விதிகள் உள்ளன. தமிழ்த் தேடலைச் செம்மையாக அமைக்க விரும்புவோர், குறிகளை எண்ணாமல் எழுத்துகளை எண்ண வேண்டும். ல-ள-ழ, ர-ற, ந-ன-ண மயக்கங்களுக்கும் ஒற்று விடுபடுதலுக்கும் மற்றப் பிழைகளைவிடக் குறைந்த தொலைவு தருவது பொருந்தும்.

பொறுக்கக் கூடாத இடங்கள்

வாகனப் பதிவெண், உதிரிப்பாக எண், கணக்கு எண் போன்றவற்றில் ஒரு குறி மாறினாலும் பொருள் வேறு. மருந்துப் பெயர்களில் நெருங்கிய சொல்லைத் தானாக ஏற்பது ஆபத்து. இத்தகைய புலங்களில் பிழை பொறுத்தலை முடக்குவதும், மற்ற இடங்களில் தேடுசொல்லைத் திருத்தியிருந்தால் அதைப் பயனருக்குத் தெரிவித்து, அவர் தட்டிய வடிவிலேயே தேடவும் வழி தருவதும் நல்ல தேடுபொறியின் கடமை.