உர்பினோவின் மர அணில்

இத்தாலியின் உர்பினோ அரண்மனையில் ஒரு சின்ன வாசிப்பறை இருக்கிறது. ஃபெடெரிகோ டா மோன்டெஃபெல்ட்ரோ என்ற பிரபுவுக்காக 1470களில் செய்தது. சுவரின் கீழ்ப்பகுதி முழுக்க மரத்துண்டுகளை வெட்டிப் பொருத்திய படங்கள். 'இன்டார்சியா' என்பார்கள். அதில் பழக்கூடை பக்கத்தில் ஒரு அணில் உட்கார்ந்திருக்கும்.

இன்று முப்பரிமாண இன்டார்சியா விலங்குகள்னு செய்பவை நிஜமாகவே மேடு பள்ளமாக இழைத்தவை. இந்த அணிலோ தட்டைப் பலகை. ஆழம் தெரிவது தூரக்காட்சிக் கணக்கால்; நிழலுக்குக் கருத்த மரம், வெளிச்சத்துக்கு வெளிறிய மரம். பச்சை நிறத்துக்கு அக்காலக் கைவினைஞர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பூஞ்சை பிடித்துப் பச்சையாகிப் போன மரத்தைத் தேடி எடுத்தார்கள்!

இதைச் செய்தவர்களுக்குப் பொறுமைதான் அதிகம், வரையும் திறமை குறைவு என்று 16ஆம் நூற்றாண்டில் வசாரி மட்டம் தட்டினார். மரம் சீக்கிரம் கறுத்துவிடும், புழு அரிக்கும் என்றார். அவர் பயந்தது நியாயம்தான். ஆனா முதல் குற்றச்சாட்டை என்னால் ஏற்க முடியல. நிழல் எங்கே விழும்னு தெரியாதவனுக்கு, எந்த மரத்தை எங்கே வைக்கணும்னு பொறுமை மட்டும் சொல்லித் தராது.