கருத்துக் கணிப்பும் கைப்பேசியும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் முன்னோர். சிலரைக் கேட்டுப் பலர் கருத்தைக் கணிக்கும் கலைக்கும் இதுவே அடிப்படை. ஆயினும், எடுத்த சோறு பானை முழுமைக்கும் சான்றாதல் வேண்டும். இவ்வுண்மையை அமெரிக்க நாடு இருமுறை கற்க நேர்ந்தது.

முதற்பாடம் 1936ஆம் ஆண்டிற்குரியது. 1916 முதல் ஐந்து அதிபர் தேர்தல்களின் முடிவைச் சரியாக முன்னறிவித்துப் புகழீட்டிய இதழ் 'லிட்டரரி டைஜஸ்ட்'. அவ்வாண்டு அவ்விதழ் தொலைபேசி ஏடுகள், மோட்டார் வண்டிப் பதிவேடுகள் முதலியவற்றிலிருந்து பெயர் திரட்டி, ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. 23 இலட்சத்திற்கும் மேற்பட்டவை திரும்பின. லாண்டன் வெல்வார், ரூஸ்வெல்ட் 43 விழுக்காடே பெறுவார் என்றது இதழ். ரூஸ்வெல்ட்டோ ஏறத்தாழ 61 விழுக்காடு பெற்று, இரு மாநிலங்கள் நீங்கலாக எங்கும் வென்றார். பொருளாதார மந்தம் நிலவிய அந்நாளில் தொலைபேசியும் வண்டியும் உடையோர் பெரும்பாலும் வசதி படைத்தோர். மேலும், மறுமொழி விடுத்தோரும் விடுக்காதோரும் ஒரே கருத்தினர் அல்லர். மிகச் சிறு தொகையினரையே வினவிய ஜார்ஜ் கேலப், வெற்றியாளரைச் சரியாகக் கூறினார். 1938இல் அவ்விதழ் நின்றுபோயிற்று.

பிற்காலத்தில் வீடுதோறும் தொலைபேசி வந்தது. வீட்டுக்குச் சென்று வினவுவதினும் அதன்வழி வினவுதல் மலிவாயிற்று. அந்நிலையை மாற்றியது கைப்பேசி. உடையவர் இசைவின்றித் தானியங்கிக் கருவியால் கைப்பேசியை அழைத்தலை 1991ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. ஆகவே, ஒவ்வோர் எண்ணையும் பணியாளர் கையாலேயே அழுத்த வேண்டியதாயிற்று. எடுப்பவர் சிறுவராயின் அவ்வழைப்பு வீண். செலவு பெருகிற்று.

வீட்டுத் தொலைபேசியோடு நின்றுவிட்டால் என்ன? கைப்பேசி மட்டுமே உடைய இல்லங்கள் 2010இல் நான்கில் ஒன்றுக்கு மேல். 2016இன் இறுதியில் பாதிக்கு மேல். அவற்றில் இளைஞரும் வாடகைக் குடியினரும் வறியோரும் மிகுதி. அவர்களை விடுத்துக் கணிப்பது 1936இன் பிழையை மீண்டும் இழைப்பதன்றோ? எனவே, ஆய்வாளர் கூடுதல் செலவை ஏற்றனர். அதன் பின்னும் இடர் தீரவில்லை. பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளில் 1997இல் 36 விழுக்காடாக இருந்த மறுமொழி, 2018இல் 6 விழுக்காடாகக் குறைந்தது.

எண்ணிக்கை பெருகுவதால் மட்டும் உண்மை பெருகுவதில்லை. எளிதில் கிட்டுவோரை மட்டும் கேட்டு மிச்சப்படுத்தும் பணம், எளிதில் கிட்டாதோரின் குரலை விலையாகக் கொள்கிறது. ஒரு புள்ளிவிவரத்தைக் காணும் மாணவர், எத்தனை பேரைக் கேட்டனர் என்பதோடு, யாரைக் கேட்கவில்லை என்றும் வினவப் பழகுதல் வேண்டும்.