கோப்ரா பியர்

கோப்ரா பியர் என்பது இங்கிலாந்திலுள்ள இந்திய உணவகங்களில் விற்பதற்கென்றே உருவாக்கப்பட்டு, 1990 ஆம் ஆண்டில் பெங்களூரிலிருந்து முதன்முதலாக அனுப்பப்பட்ட ஒரு லாகர் வகை பியர் ஆகும். கரண் பிலிமோரியா தனது நண்பர் அர்ஜுன் ரெட்டியுடன் இணைந்து 1989 ஆம் ஆண்டில் இதற்கான நிறுவனத்தைத் தொடங்கினார். பெங்களூரைச் சேர்ந்த மைசூர் புரூவரீஸ் இதைத் தயாரித்தது. இந்தியாவில் ஏற்கனவே விற்பனையிலிருந்த பியர்கள் வெளிநாடு சென்றதுண்டு. அயல்நாட்டுச் சந்தையை மனதிற்கொண்டு புதிதாக வடிவமைத்து, இந்திய ஆலையொன்றில் வடித்து அனுப்பப்பட்டது என்பதால் கோப்ரா அவற்றிலிருந்து வேறுபடுகிறது.

பின்னணி

பியர் வணிகம் நெடுங்காலம் எதிர்த்திசையிலேயே நடந்தது. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து லண்டன் பௌ பகுதியிலிருந்த ஹாட்ஜ்சன் ஆலையின் பியர், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் இந்தியா வந்தது. 1820களில் பர்ட்டன் அபான் டிரென்ட் நகரத்து ஆலைகள் அவ்வணிகத்தில் நுழைந்து விரைவில் முந்திக்கொண்டன. பின்னர் நீலகிரி, பெங்களூர் முதலிய குளிர்ச்சியான இடங்களில் ஆங்கிலேயர் ஆலைகளை நிறுவினர். அவற்றுள் ஐந்தை ஒன்றிணைத்து 1915 ஆம் ஆண்டில் உருவானதே யுனைட்டட் புரூவரீஸ் நிறுவனமாகும்.

1980களில் இங்கிலாந்தின் ஊர்கள் பலவற்றிலும் இந்திய உணவகங்கள் பெருகியிருந்தன. பெயர் இந்திய உணவகம் என்றாலும், அவற்றுள் பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் வங்காளதேசத்தின் சில்ஹெட் பகுதியிலிருந்து குடியேறியவர்கள். அங்கு உணவுடன் பரிமாறப்பட்டவை பெரும்பாலும் ஐரோப்பிய லாகர்களே. லாகர் என்பது குளிர்ந்த நிலையில், கலத்தின் அடியில் படியும் ஈஸ்டைக் கொண்டு மெதுவாக நொதிக்க வைக்கப்படுவது. இங்கிலாந்தின் மரபான ஏல் வகை, மேலே மிதக்கும் ஈஸ்டைக் கொண்டு சற்றுக் கூடுதல் வெப்பத்தில் நொதிப்பது; வாயு குறைந்தது, சுவை கனமானது. காரமான உணவுடன் வாயு மிகுந்த லாகரைக் குடித்தால் நாவில் எரிச்சல் கூடும், வயிறும் விரைவில் நிரம்பிவிடும். ஏலோ உணவுக்குக் கனம். லாகரின் குளிர்ச்சியும் ஏலின் மென்மையும் ஒருசேர அமைந்த பியரே பிலிமோரியாவின் எண்ணமாக இருந்தது.

நிறுவனர்

1961 ஆம் ஆண்டு ஐதராபாத்தில் பார்சி குடும்பமொன்றில் பிறந்த பிலிமோரியா, இந்தியத் தரைப்படையின் உயர் அதிகாரி ஒருவரின் மகன். உதகமண்டலத்திலுள்ள ஹெப்ரன் பள்ளியிலும் ஐதராபாத் நிஜாம் கல்லூரியிலும் பயின்றார். லண்டனில் பட்டயக் கணக்கராகத் தகுதி பெற்று, 1988 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் சட்டப் படிப்பை முடித்தார். அப்போது அவரிடம் முதலீடு எதுவும் இல்லை. 20,000 பவுண்டு கல்விக் கடன் மட்டுமே இருந்தது. நண்பர்கள் இருவரும் முதலில் இறக்குமதி செய்து விற்றவை போலோ ஆட்டத்திற்கான மட்டைகள்.

முதல் ஏற்றுமதி

மைசூர் புரூவரீசிடம் அப்போது பால்ஸ், நாக் அவுட் என்னும் இரு வணிகப் பெயர்கள் இருந்தன. இவற்றையே இங்கிலாந்தில் விற்கலாம் என்ற யோசனை எழுந்தது. ஆனால் பால் என்பது அங்கு பெயர்பெற்ற நாய் உணவு. நாக் அவுட் என்பதோ குத்துச்சண்டையை நினைவூட்டுவது. ஆகவே தங்களுக்கெனத் தனியாக ஒரு பியரை வடித்துத் தரும்படி நண்பர்கள் கேட்டனர், ஆலையும் இசைந்தது. அனுபவமற்ற இரு இளைஞர்களின் சொல்லை நம்பி ஆலை எடுத்த இம்முடிவே உண்மையில் துணிச்சலானது எனலாம். பிலிமோரியா பெங்களூரில் தங்கி, செக்கோசுலோவாக்கியாவில் பயின்ற தலைமை வடிப்பாளருடன் ஆலையின் ஆய்வகத்தில் செய்முறையை உருவாக்கினார். முளைகட்டிய வாற்கோதுமையுடன் அரிசியும் மக்காச்சோளமும் சேர்ந்தன. இவ்விரண்டும் பியரின் கனத்தைக் குறைப்பவை.

பெயர் முதலில் பாந்தர் என முடிவாகியிருந்தது. அனுப்பும் காலம் நெருங்கியபோது, வாங்கக்கூடியவர்களிடம் அப்பெயர் எடுபடவில்லை எனத் தெரிந்ததால், பட்டியலில் அடுத்திருந்த கோப்ரா தேர்ந்தெடுக்கப்பட்டது.

பியர் எளிதில் கெடும் பொருள். ஆக்சிசன், வெளிச்சம், வெப்பம் ஆகிய மூன்றும் அதன் சுவையைக் குலைப்பவை. இந்தியாவிலிருந்து செங்கடல் வழியே ஐரோப்பா செல்லும் கன்டெய்னர் பல வாரங்கள் வெயிலில் காயும். புட்டிகளைப் பாஸ்டர் முறையில் சூடேற்றி நுண்ணுயிர்களை அழித்தாலும், வெப்பத்தால் விளையும் மெதுவான வேதி மாற்றத்தை அம்முறை தடுப்பதில்லை. கரை சேர்ந்த பிறகு கலால் வரி செலுத்தியாக வேண்டும். பணம் திரும்பி வருவதோ விற்ற பிறகு. சிறு முதலீட்டாளருக்கு ஒரு கன்டெய்னர் தேங்கினாலும் தொழிலே முடிந்துவிடும்.

1990 ஆம் ஆண்டில் முதல் சரக்கு வந்திறங்கியபோது பிரிட்டன் பொருளாதாரத் தேக்கத்துக்குள் சென்றுகொண்டிருந்தது. நண்பர்கள் தங்கள் பழைய சிட்ரோயன் காரில் ஒரு நடைக்கு 15 பெட்டிகள் வீதம் ஏற்றி, உணவகம் உணவகமாகச் சென்று விற்றனர். இந்திய ஆலைகளில் வழக்கமாக இருந்த பெரிய புட்டியிலேயே பியர் வந்திருந்தது. உணவகங்களில் அதுவரை புழங்கியது அதில் பாதியளவுள்ள சிறு புட்டி. குறைபாடாகத் தோன்றிய இது உதவியாகவே முடிந்தது: மேசையில் நடுவே வைத்த கறிகளைப் பலரும் பகிர்ந்து உண்பது போலப் பெரிய புட்டியையும் பகிர்ந்து கொண்டனர். பக்கத்து மேசையிலிருந்தவர் கண்ணிலும் அது பட்டது.

பெங்களூரிலிருந்து இங்கிலாந்துக்கு

அர்ஜுன் ரெட்டி 1995 ஆம் ஆண்டில் விலகினார். விற்பனை வளர வளர, கடல் கடந்து புட்டிகளைக் கொண்டுவருவது தடையாயிற்று. 1990களின் பிற்பகுதியில் தயாரிப்பு பெட்ஃபோர்டிலிருந்த சார்லஸ் வெல்ஸ் ஆலைக்கு மாற்றப்பட்டது. பியரின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர்தான். அதைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துப் பாதி உலகம் கடத்துவது சிறு அளவில் மட்டுமே கட்டுப்படியாகும். இந்திய பியர் என்ற அடையாளத்துடன் வளர்ந்த பியர் இவ்வாறு இங்கிலாந்தின் பியராயிற்று. மைசூர் புரூவரீசைப் பின்னர், 2001 ஆம் ஆண்டில், தென்னாப்பிரிக்க நிறுவனமான எஸ்ஏபி வாங்கியது.

1998 ஆம் ஆண்டில் பிலிமோரியாவுடன் தொடர்புடைய தந்தூரி என்னும் இதழில், இந்திய உணவகப் பணியாளர்களை இழிவாகக் குறிப்பிட்ட கட்டுரை வெளியானது. சினமுற்ற உணவகத்தார் கோப்ராவைப் புறக்கணித்தனர். ஒரே வகை வாடிக்கையாளரை நம்பியிருந்த நிறுவனம் தடுமாறியது.

பிற்கால நிலை

விரிவாக்கத்திற்காகப் பெருமளவு கடன் வாங்கிய நிறுவனம், 2009 ஆம் ஆண்டு மே மாதம் திவால் நடைமுறைக்கு உள்ளானது. மோல்சன் கூர்ஸ் 50.1 விழுக்காட்டுப் பங்கைப் பெற்றது. ஈடின்றிக் கடன் கொடுத்தோர் பல கோடி பவுண்டுகளை இழந்தனர். அதன் பிறகு கோப்ரா, பர்ட்டன் அபான் டிரென்ட் நகரில் வடிக்கப்பட்டது.

இந்தியாவிலும் கோப்ராவைத் தயாரிக்கும் முயற்சி 2000களில் நடந்தது. பீகாரிலிருந்த ஆலையொன்று அதற்கு மையமாக இருந்தது. 2016 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அம்மாநிலத்தில் முழு மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது.