இயக்கத் தூண்டலால் மின்தேக்கி மின்னேற்றம்

காந்தப்புலத்தை வெட்டிச் செல்லும் கடத்தியில் பிறக்கும் மின்னியக்கு விசையைக் கொண்டு மின்தேக்கியில் மின்னூட்டம் சேர்க்கும் முறை. 0.5 டெஸ்லா புலத்துக்குக் குறுக்கே 1 மீட்டர் நீளக் கம்பி விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நகர்ந்தால் அதன் முனைகளுக்கிடையே 0.5 வோல்ட் தோன்றும். அங்கே இணைத்த 1,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 0.5 மில்லிகூலும் ஏற்கும். வேகம் மாறாதவரை பிறகு மின்னோட்டம் இல்லை. கம்பி முடுக்கம் பெற்றால் மட்டுமே மின்தேக்கிக்குள் மின்னூட்டம் தொடர்ந்து பாயும். அதனால் எழும் எதிர்விசை, கம்பியின் நிறையில் 0.25 கிராம் கூடியது போன்ற விளைவைத் தரும். நுழைவுத் தேர்வுக் கணக்குகளில் அடிக்கடி தலைகாட்டும் முடிவு இது.

மைக்கேல் ஃபாரடே 1831 அக்டோபர் 28 அன்று பெரிய காந்தம் ஒன்றின் முனைகளுக்கிடையே செப்புத் தட்டைச் சுழற்றித் தொடர் மின்னோட்டம் பெற்றார். 1832 ஜனவரியில் லண்டன் வாட்டர்லூ பாலத்தின்மேல் 960 அடிச் செப்புக் கம்பியை விரித்து, அதன் இரு முனைத் தகடுகளையும் தேம்ஸ் நதியில் இறக்கி, புவிக்காந்தத்தில் ஓடும் நீரே கடத்தியாகுமா என்று பார்த்தார். நம்பத்தக்க அளவீடு எதுவும் கிடைக்கவில்லை.

ஃபாரடேயின் செப்புத் தட்டு விட்டுச் சென்ற கேள்விதான் மின்தேக்கியை இவ்வரலாற்றுக்குள் கொண்டுவந்தது. உருளைக் காந்தம் தன் அச்சில் சுழன்றால் அதன் விசைக்கோடுகளும் கூடவே சுழலுமா? சுழலாது என்பது 1851இல் ஃபாரடே எட்டிய முடிவு. ஆனால் கால்வனாமீட்டரால் இதைத் தீர்க்க முடியாது. மூடிய சுற்றில் மின்னியக்கு விசை தட்டில் பிறந்ததா, வெளிக்கம்பியில் பிறந்ததா என்று அது காட்டாது; இரண்டு விளக்கத்துக்கும் முள் ஒரே அளவுதான் விலகும். சுற்றைத் திறந்து, தேங்கிய மின்னூட்டத்தை அளந்தால் மட்டுமே வேறுபாடு வெளிப்படும்.

இத்தகைய மின்னியக்கு விசை எங்கே பிறக்கிறது என்ற கேள்விக்கே பொருளில்லை என்று 1905இல் ஐன்ஸ்டைன் எழுதிவிட்டார். ஆனாலும் சோதனைகள் ஓயவில்லை. 1912இல் அமெரிக்க இயற்பியலாளர் எஸ். ஜே. பார்னெட், ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இரு உலோக உருளைகளாலான மின்தேக்கியைக் காந்தப்புலத்தில் அசையாமல் வைத்து, உருளைகளைக் கம்பியால் இணைத்தபடி, புலத்தை உண்டாக்கும் அமைப்பை மட்டும் சுழற்றினார். பிறகு இணைப்பைத் துண்டித்து மின்னூட்டத்தை அளந்தார். கோடுகள் சுழல்வதாக இருந்தால் வரவேண்டிய மின்னூட்டம் வரவில்லை. இத்துறையின் மிகப் பயனுள்ள அளவீடு இந்தப் பூச்சிய முடிவுதான் எனலாம். இயற்பியலாளர் ஈ. எச். கென்னார்டும் இதே காலத்தில் இத்தகைய சோதனைகளில் ஈடுபட்டிருந்தார்.

1917இல் இயற்பியலாளர் ஜார்ஜ் பெக்ரம் மின்தேக்கி, இணைப்புக் கம்பி, வரிச்சுருள் அனைத்தையும் ஒன்றாகச் சுழற்றினார். ஒன்றுக்கொன்று சார்பாக எதுவும் நகரவில்லை. ஆனாலும் மின்தேக்கி மின்னேற்றம் பெற்றது. சுழற்சி சீரான நேர்கோட்டு இயக்கம் அல்ல என்பதால் இது சிறப்புச் சார்பியலுக்கு முரணாகாது. பெக்ரம் இதை எலக்ட்ரான் கொள்கையால் விளக்கினார். கென்னார்டு அதே ஆண்டில் வெளியிட்ட தம் சோதனையை, ஒளியைச் சுமப்பதாகக் கருதப்பட்ட ஈதர் என்னும் ஊடகம் உண்டு என்பதற்கான சான்றாக முன்வைத்தார்.