புத்தளக் கரையின் உப்பும் நீர்வழியும்: 18ஆம் நூற்றாண்டு

இலங்கையின் வடமேற்கில், கற்பிட்டித் தீபகற்பத்துக்கும் பெருநிலத்துக்கும் இடையே ஆழங்குறைந்து கிடக்கும் புத்தளம் களப்பின் கரையில், உப்பு விளைவித்தலும் உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்தும் 18ஆம் நூற்றாண்டில் ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்தன. ஊர்ப்பெயரே 'உப்புத்தளம்' என்பதன் திரிபு என மக்களிடையே வழங்கும் விளக்கம் இத்தொழிலின் பழைமையைக் காட்டுகிறது.

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருப்பினும், வெயிலில் நீர் வற்றும்போது அவை ஒருசேரப் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பும், பின்னர் ஜிப்சமும், அதன்பின் கறியுப்பும் படிய, கசப்பான மக்னீசிய உப்புகள் எஞ்சிய நீரிலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே நீரை ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு உரிய வேளையில் மாற்றுவதும், கசப்பு ஏறுமுன் உப்பை வாரிவிடுவதும் இத்தொழிலின் உயிர்நிலையாகும். பிரெஞ்சு இரசாயனவியலாளர் அந்துவான் போமே 1768இல், 100 பங்கு எடையுள்ள கரைசலில் 15 பங்கு கறியுப்பு இருக்கும் நிலையை 15 பாகை எனக் குறித்து, திரவத்தின் செறிவை அளக்கும் நீரமானிக்கு ஓர் அளவுகோல் வகுத்தார். அதன்படி கறியுப்பு ஏறத்தாழ 25 பாகையில் படியத் தொடங்குகிறது. போமேயின் கருவி எண்ணாகக் காட்டிய அவ்வரம்பை உப்பளத் தொழிலாளர் கண்பழக்கத்தாலேயே அறிந்து செயற்பட்டனர் என்பது அவர்களுடைய திறனுக்குரிய மதிப்பை உணர்த்துகிறது.

மலைநாட்டுக் கண்டி இராச்சியத்துக்கு உப்பு கரையிலிருந்தே செல்லவேண்டியிருந்ததால், இவ்வுப்பளங்கள் அரசியற் கருவியாகவும் விளங்கின. 1667க்கும் 1676க்கும் இடையில் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டி களப்பின் வாயிலைக் காவல் செய்த ஒல்லாந்தர், 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மூலம் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனிடமிருந்து கரையோரம் முழுவதையும் பெற்றனர். அதற்கு ஈடாக, புத்தளத்திலும் சிலாபத்திலும் உப்பை விலையின்றி எடுத்துக்கொள்ளும் உரிமை கண்டி மக்களுக்கு அளிக்கப்பட்டது. உப்பளங்களைச் சீர்படுத்துவதிலும் ஒல்லாந்தர் கருத்துச் செலுத்தினர்.

கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளம்வரை சென்ற நீர்வழியில், இயற்கையான களப்புகளை வெட்டுக்கால்வாய்கள் இணைத்தமையால், மரக்கோல் ஊன்றிச் செலுத்தப்பட்ட தட்டையடிப் படகுகள் கடற்கொந்தளிப்புக்கு அஞ்சாமல் சரக்கேற்றிச் சென்றன. இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு நிலக்கரி கொண்டுசெல்ல 1761இல் திறக்கப்பட்ட பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் நிலத்தை அகழ்ந்தே உருவாக்கப்பட்டது. இங்கோ களப்புகளே வழியின் பெரும்பகுதியாக அமைந்தன. 1795இல் கற்பிட்டி ஆங்கிலேயர் வசமானது. இந்நீர்வழியின் தென்பகுதியில், ஒல்லாந்தர் வெட்டிய கால்வாயை அடுத்து 1802க்கும் 1804க்கும் இடையில் அவர்கள் ஹமில்டன் கால்வாயை வெட்டினர்.